பன்னிரண்டு மில்லிமீட்டர்

ருஸ்தாவியில், பதினெட்டாம் மைக்ரோ மாவட்டத்தில்,
படிக்கட்டுச் சுவரில் தாள் ஒட்டினேன்:
சனிக்கிழமை பத்திலிருந்து பன்னிரண்டு வரை தண்ணீர் வராது.
மன்னிக்கவும். ஆறாம் மாடி லமாரா.
மாலைக்குள் யாரோ பென்சிலால்
கீழே எழுதியிருந்தார்கள்:
எந்தப் பன்னிரண்டு?

என் வீட்டுக்கு மட்டும் நிறுத்த வழியில்லை.
ஒன்பது மாடிக்கும் ஒரே தொண்டை.
நிலவறையில் பூனை மூத்திர வாடையில் குனிந்து
வால்வைத் திருகினால்
ஒன்பது அடுப்படியும் வறண்டுபோகும்.

பழைய குழாய் முனகிக்கொண்டே கழன்றது.
அந்தக் காலத்து நீள மூக்குக்காரன்;
இப்படித் தள்ளினால் தொட்டிக்கு,
அப்படித் தள்ளினால் முகம் கழுவும் கிண்ணத்துக்கு.
உள்ளே சுண்ணாம்பு
காரை பிடித்த பல் போல.

சுவரில் இரண்டு ஓட்டைகள் மட்டும்.
நடுவுக்கு நடு அளந்தேன்: நூற்று அறுபத்திரண்டு.
இன்னொரு முறை அளந்தேன்.
சுவர் மனம் மாறவில்லை.
புது மிக்சருக்கு நூற்றைம்பதுதான் தெரியும்.
அட்டைப்பெட்டியில் ஷவரடியில் சிரிக்கிறாளே ஒருத்தி,
அவள் வீட்டில் எல்லாமே நூற்றைம்பது.

உருக்காலையில் இருபத்தாறு வருடம் கிரேன் ஓட்டியவள்.
கொதிக்கிற இரும்பை அண்டாவோடு தூக்கி
அச்சுக்கு நேரே இறக்கியிருக்கிறேன், இடக்கையால்.
பன்னிரண்டு மில்லிமீட்டர் என்னை என்ன செய்துவிடும்?

இதற்கென்றே கோணல் துண்டு விற்கிறார்கள்.
இந்த வாய்க்கு எதிரே அந்த வாய் இருக்காது,
சற்றுத் தள்ளி இருக்கும்.
நேராகச் செய்திருந்தால் குப்பைக்குத்தான் போகும்.
திருகுகிற திசையிலேயே சணல் சுற்றி,
பசை பூசி,
இடதைக் கொஞ்சம் உள்ளே சாய்த்து
வலதை அரைச் சுற்று கூட்டி,
இல்லை, அதிகமாகிவிட்டது,
பின்னால் திருப்பினால் சணல் பிரிந்துவிடும்,
கழற்று, சுரண்டு, மறுபடி சுற்று.
ரசமட்டத்தின் குமிழி நடுவுக்கு வருவதும்
நழுவுவதுமாய் இருந்தது.

மேலே யாரோ ரேடியேட்டரைத் தட்டினார்கள்.
பன்னிரண்டே கால்.

அப்போதுதான் குறிப்புத் தாளைப் படித்தேன்:
வெந்நீர் இடப்பக்கம்.
என் சுவரில் அது வலப்பக்கம்.
இத்தனை வருடம் என் கை அதை யோசித்ததே இல்லை.

குராமுக்குப் போன் போட்டேன்.
போத்தியில், ஸைராவோடு இருக்கிறான்.
வெந்நீர்க் குழாயை ஏன் வலப்பக்கம் பதித்தாய்?
பின்னால் கெட்டில் ஒன்று விசிலடித்தது.
பதினொரு வருடம் கழித்து இதைக் கேட்கவா கூப்பிட்டாய்?
ஒன்பது வீட்டுத் தண்ணீரை நிறுத்தியிருக்கிறேன், சீக்கிரம் சொல்.
உனக்கு இடக்கைப் பழக்கம், என்றான்,
சோப்பு அந்தக் கையில் இருக்குமே,
வெந்நீர் மற்றக் கைக்கு எட்டட்டும் என்று.
கெட்டிலை யாரோ இறக்கினார்கள்.
இல்லை, அன்றைக்குக் குழாய் நீளம் போதவில்லை.
இரண்டில் ஒன்று. மறந்துபோச்சு.

எது என்று நான் கேட்கவில்லை.
ரேடியேட்டரை இப்போது இரண்டு பேர் தட்டினார்கள்.

வட்டத் தகடுகளை ஏற்றி, ரப்பர் வளையம் வைத்து,
குரோம் கீறாமலிருக்கத் துணி சுற்றி
நட்டை முடுக்கினேன்.
கைப்பிடியின் சிவப்புப் புள்ளியைக்
கத்தி முனையால் நெம்பியெடுத்தேன், நீலத்தையும்.
இடம் மாற்றி ஒட்டினேன்.

கீழே போய் வால்வைத் திறந்து மூச்சிரைக்க ஏறி வந்தால்
ஷவர் இருமியது,
துருவைத் துப்பியது,
பிறகு கோபம் தீராத ஆள் மாதிரி விட்டுவிட்டுப் பேசியது.
இடது நட்டில் ஒரு சொட்டு
கனத்துக்கொண்டே தொங்கியது.
கால் சுற்று. மீண்டும் கொஞ்சம்.
விரலால் தொட்டேன். காய்ந்திருந்தது.

தாளைக் கிழிக்க இறங்கினேன்.
அதே பென்சில், வேறு கையெழுத்து:
தண்ணீர் சிவப்பாக வருகிறது, லமாரா.

காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து எழுதினேன்:
கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள்.